எஃப் பன்னிரண்டு

செத்துப்போன லேப்டாப்பை ஒரு பென்டிரைவைக் குத்தியே எழுப்பிவிடலாம் என்று உலகம்மாளுக்கு முதன்முதலில் சொன்னது மூத்த மகன் குற்றாலிங்கம்தான். போன ஆடிப்பெருக்கு அன்று, சிங்கப்பூரிலிருந்து, அவள் எலுமிச்சைச் சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது. கடுகு வெடித்த சத்தத்தில் பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. "எம்மா, பெட்டி சாகல, கேட்டியா. உள்ள இருக்க விண்டோஸ்தான் கெட்டுப்போச்சு. லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, சும்மாவே கிடைக்கும், கிழட்டு மிசினுக்கு அதுதான் தோது. அத பென்டிரைவ்ல ஏத்திக் குத்திட்டு, பட்டன அமுக்குன உடனே எஃப் பன்னெண்டத் தட்டிக்கிட்டே இரு. எந்திரிச்சிரும்." எந்திரிச்சிரும் என்றான். அத்தனை லேசாகச் சொன்னான், இட்லி வெந்துவிடும் என்பதுபோல. அவன் அப்பாவும் அப்படித்தான், எதையும் லேசாகச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் சாயங்காலம் வந்துருவேன், தோசைக்கு அரைச்சு வையி என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மாவு மூன்று நாள் புளித்துக்கொண்டே கிடந்தது. யாருக்கும் அதைக் கொட்டத் தோன்றவில்லை.

தட்டு, தட்டு, தட்டு. மத்தியானச் சாப்பாடு ஆயிற்று, ஆயிற்று என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், உள்ளறையில் மகள் வடிவுக்கு வைத்த தட்டு மூடினபடி இருக்கிறது. கூடத்தில் மூடின தையல் மிஷினின் பலகைமேல் லேப்டாப்பை வைத்து, முக்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, மேல்வரிசையில் கடுகளவு எழுத்தில் இருக்கிற அந்த எஃப் பன்னிரண்டை உலகம்மாள் மோதிர விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். விபூதி எடுக்கிற விரல். மற்ற விரலால் தட்டினால் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே அப்படி வைத்துக்கொண்டாள். முருகா முருகா முருகா, ஒரு முருகாவுக்கு ஒரு தட்டு. திரை கறுப்பாகவே இருக்கிறது, பிறகு கம்பெனிக்காரன் முத்திரை வருகிறது, பிறகு அந்தப் பட்டியல். இரண்டே வரி. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் எழுத்துக்கூட்ட வரும், அர்த்தம் பண்ண வராது. ஆனால் இரண்டா மூன்றா என்று பார்க்கப் படிப்பு வேண்டுமா என்ன? மூன்றாவதாகப் பென்டிரைவின் பெயர் வரவேண்டும். வரவில்லை. பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்கிறாள். உள்ளே ஏதோ ஒன்று மூச்சை விடுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் திருச்செந்தூர்க்காரனைக் கூப்பிடலாமா என்று ஒரு கூச்சம் வருகிறது. அவனுக்கு எத்தனை பேர், மொட்டை போட்டுக்கொண்டும் அலகு குத்திக்கொண்டும் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், நடுவில் இவள் போய், அப்பனே, மூணாவது வரி வரணும் என்றால் அவனுக்கு என்ன புரியும்? புரியும். அவனுக்குப் புரியாததா. புரிந்தும் பேசாமல் இருக்கிறான் என்பதுதான், அங்கே போய்த்தான் நினைப்பு முட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்கு மேலே போகாமல் உலகம்மாள் மறுபடி பட்டனை அமுக்குகிறாள்.

நாளைக் காலையில் தேர்வு. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, தேர்வும் வீட்டிலிருந்தே எழுதலாம், இணையம் திறந்தால் போதும். அண்ணன் குற்றாலம்தான் யார் யாரையோ பிடித்து ஏற்பாடு பண்ணினான். உலகம்மாள் போய் அறை வாசலில் நின்று சொன்னபோது வடிவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சித்திரையில் பழைய கம்பெனி போதும் என்று சொல்லி அனுப்பியபிறகு, வைகாசியில் லேப்டாப்பும் நீலமாக ஒருதரம் முழித்துவிட்டுச் செத்தபிறகு, அந்தச் சுவர்தான். "லேப்டாப் இருந்தா எழுதுதேன்" என்றாள். எழுதுதேன் என்றாள்! எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வாயிலிருந்து வந்த, வேண்டாம் என்று முடியாத ஒரு பேச்சு. உலகம்மாள் அதை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். மைதீன் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து எழுதலாமே என்றதற்கு, வெளிய வரமாட்டேன் என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். எதிர்வீட்டில் லேப்டாப் இரவல் கேட்டதற்கு, எங்க பையன் காலேஜுக்குக் கொண்டுபோறானே அக்கா என்றார்கள், அதுவும் நியாயம்தான். அப்புறம் சாமான் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. இருந்தா என்று ஏன் சொன்னாள்? இருக்காது என்று தெரிந்துதானே சொன்னாள்? இருக்காது என்பதனால்தானே எழுதுதேன் என்றாள்? கையில் இருந்த டம்ளரை உலகம்மாள் தேய்த்தாள் தேய்த்தாள், சோப்பு போனபிறகும் தேய்த்துக்கொண்டே நின்றாள். அந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. குற்றாலத்திடம் சொன்னால், எம்மா நீ சும்மா எதையாவது நினைக்காத, எஃப் பன்னெண்டத் தட்டு என்பான்.

இதில் அவள் முதலில் பண்ணின கூத்து வேறு. மைதீன் அண்ணாச்சி கடைக்குப் பென்டிரைவைக் கொண்டுபோய், குற்றாலம் வாட்ஸப்பில் அனுப்பிய இணைய முகவரியைக் காட்டி, வீட்டில் டிவியில் போட பக்திப் பாட்டு ஏற்றித் தருகிற மாதிரியே இதையும் ஏற்றிக் கொடுங்க என்றாள். அவரும் வேறு வேலை மும்முரத்தில் இறக்கி, அப்படியே தூக்கிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து எத்தனை தட்டியும் ஒன்றும் இல்லை. குற்றாலம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. "காப்பி பண்ணக் கூடாதும்மா, எழுதணும். அதுக்குன்னு தனி சாப்ட்வேர் இருக்கு." மறுநாள் போய்ச் சொன்னபோது மைதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். "யக்கா, நீங்க பாட்டு மாதிரி ஏத்தச் சொன்னிய, நானும் ஏத்திட்டேன். பாடுமே தவிர எந்திரிக்காது. இதுல முன்ன இருந்த பாட்டு எல்லாம் போயிரும், சம்மதந்தானா? அப்புறம் வந்து எம் முருகன அழிச்சிட்டியேன்னு எங்கிட்ட சண்டைக்கு நிக்கக் கூடாது." "முருகன் ஏற்கெனவே எனக்கு மனப்பாடம் அண்ணாச்சி, நீங்க அழிங்க" என்றாள் அவளும். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே, வீட்டில் வடிவு தனியாக இருக்கிறாள், தனியாக இருக்கிறாள் என்று பின்கழுத்தில் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைத் திரையில் பச்சைக்கோடு மெதுவாக நகர்ந்தது. பென்டிரைவின் சின்ன விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது, முடியும்வரை பிடுங்கக் கூடாது யக்கா, பாதியில பிடுங்குனா எல்லாம் வீண் என்றார். பாதியில் பிடுங்கி எடுத்தது மாதிரி எதையெல்லாம், என்று எதையோ நினைக்கப் போனவள் நினைக்காமல் நிறுத்திக்கொண்டு, வெளியே ரோட்டில் போன தண்ணி லாரியைப் பார்த்தாள். வாளி சிந்துகிற மாதிரி அது வழியெல்லாம் சிந்திக்கொண்டு போனது. திரும்பும்போது ஓட்டமும் நடையுமாக வந்தாள், மாடிப்படியில் செருப்பு கழன்றதைக்கூட எடுக்கவில்லை.

அன்றைக்கு, நேற்றுத்தான், வந்தது. அதுதான் ஆற்றமாட்டாமல் இருக்கிறது, வராமலே இருந்திருந்தால் பரவாயில்லை. இடதுபக்க ஓட்டையில் குத்தித் தட்டினதும் மூன்றாவது வரி வந்தது, அமுக்கினதும் சிவப்பில் ஒரு கட்டம் வந்து திட்டினது, குற்றாலம் வீடியோவில் பார்த்து ஏதோ ஒரு பூட்டு, அதை எடுக்கணும் என்று ஒவ்வொரு எழுத்துக்கட்டையாகச் சொல்ல அவள் ஒவ்வொன்றாக அமுக்கி அதையும் எடுத்தார்கள், பிறகு வந்தது பார், ஒரு படம், அதன் கீழே ஐந்து புள்ளி, ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சமாகி ஓடுகிற புள்ளி. கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக ஏற்றின மாதிரி. "வடிவு! வந்துட்டுட்டி! வந்துட்டு, வந்து பாரு!" என்று உலகம்மாள் கூப்பிட்டாள், எழுபது எண்பது வீடு கேட்கிற மாதிரி. உள்ளே கட்டில் கிறீச்சென்றது. கால் தரையில் படுகிற சத்தம். வந்தாள். அறை வாசல்வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, முடியெல்லாம் ஒருபக்கமாக ஒட்டிப்போய், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அதற்குள் புள்ளி நின்றுவிட்டது. மூன்றாவது புள்ளியில் நின்றது, அப்புறம் திரை கறுத்துவிட்டது, மேல்மூலையில் ஒரே ஒரு சின்னக் கோடு மட்டும் விழித்து விழித்து மூடியது. "இப்பந்தான் இருந்தது" என்றாள் உலகம்மாள். "இப்பந்தாட்டி இருந்தது, அஞ்சு புள்ளி." வடிவு அந்தக் கோட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள். உனக்கு வேற வேல இல்லையா என்று எரிந்து விழுந்திருக்கலாம், பழைய வடிவென்றால் விழுந்திருப்பாள், எம்மா நீயும் ஒன் புள்ளியும் என்று கேலி பண்ணியிருப்பாள். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் ஏன் கூப்பிட்டேன்? முழுசாக வந்தபிறகு கூப்பிட்டிருக்கக் கூடாதா? அவசரக்குடுக்கை. பிள்ளை எழும்பி வந்ததே ஒரே ஒருதரம், அந்த ஒருதரத்தையும் ஒரு கறுப்புத் திரையைக் காட்டி வீணடித்துவிட்டேனே. இதைத்தான் மனசு நேற்றிலிருந்து நூறுதரம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. கூப்பிடாமல் இருந்தால், கொஞ்சம் பொறுத்திருந்தால், நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தால்.

உள்ளே சத்தம் இல்லை. மின்விசிறி மட்டும் ஒரு சுற்றுக்கு ஒருதரம் டக் என்கிறது. உலகம்மாள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். டக். டக். எப்போதும் இப்படித்தான், எந்த வேலையிலும் பாதிக் காது அங்கேதான். குளிக்கும் அறையின் உள்தாழ்ப்பாளைப் போன வாரம் தோசைத்திருப்பியின் முனையால் திருகித் திருகிக் கழற்றி எடுத்துவிட்டாள். துருப்பிடிச்சிட்டு, புதுசு போட ஆள் வரச்சொல்லியிருக்கேன் என்று பொய் சொன்னாள். வடிவு தாழ்ப்பாள் இருந்த இடத்து ஓட்டைகளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை அரிசி டின்னுக்குள் அரிசிக்கு அடியில் இருக்கிறது, ஒவ்வொரு ராத்திரியும் ஒன்றே ஒன்றைக் கையை விட்டு எடுத்துக் கொடுக்கிறாள். யாரிடம் இதைச் சொல்ல? கோயிலில் நிற்கும்போது என் பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடு என்றுகூட வேண்ட வாய் வரவில்லை, புத்தி இல்லாத பிள்ளையா அவள், வகுப்பில் முதல் ஆளாக வந்தவள். எழுப்பிவிடு, வேற ஒண்ணும் வேண்டாம், எழுந்து பல்லைத் தேய்த்துவிட்டுப் பசிக்கு என்று சொன்னால் போதும். டக். டக். ஒரு பெருமூச்சு கேட்டது. கட்டில் அசைந்தது. சரி. உலகம்மாள் தானும் மூச்சை விட்டாள்.

காலையில் குற்றாலம் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தான். இடதுபக்க ஓட்டை ஆட்டம் கண்டிருக்கும்மா, பாதியில தொடர்பு அறுந்து போகுது, வலதுபக்கத்துல குத்திப் பாரு, நான் வேலை நடக்குற இடத்துல இருப்பேன், போன எடுக்க மாட்டேன். வலதுபக்கம் குத்தித்தான் இத்தனை நேரமாக வரி இரண்டாகவே இருக்கிறது. உருவி எடுத்துப் பார்த்தாள். பென்டிரைவின் தகட்டு நாக்கில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினாள், உதிர்ந்தது, முகர்ந்து பார்த்தாள். சந்தனம். லேப்டாப்பை மடக்கி, ஜன்னல் பக்கமாகத் திருப்பி, ஓட்டைக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனாள். உள்ளே காய்ந்து அடை மாதிரி அப்பிக் கிடக்கிறது, ஓரத்தில் குங்குமச் சிவப்பு. ஆயுத பூஜை! ஒவ்வொரு வருஷமும் அவள்தானே வைத்தாள். தையல் மிஷினுக்கு, அரிவாள்மனைக்கு, மிக்சிக்கு, அவர் சைக்கிளுக்கு, வடிவு சம்பாதிக்கத் தொடங்கினதும் லேப்டாப்புக்கும். மூடிமேல் வைத்தால் வடிவு துடைத்துவிடுவாள் என்று பக்கவாட்டில் வைப்பாள், பக்கவாட்டில் வழவழப்பாக இருக்கிற இடத்தை விட்டு, இதுதானே வாய், இது வழியாகத்தானே எல்லாம் உள்ளே போகிறது என்று சரியாக அந்த ஓட்டையின்மேல் குழைத்துத் தாராளமாக வைப்பாள். சோறு போடுகிற சாமான் நல்லா இருக்கணும் தாயே என்று கும்பிட்டுவிட்டு வைப்பாள். அப்படியானால் இது நான் அடைத்த வாய். விண்டோஸ் செத்ததும் இதனால்தானா? சந்தனத் தண்ணி உள்ளே இறங்கி, குளிர்ந்து, ஊறி? கேட்கவேண்டும், குற்றாலத்திடம் கேட்கவேண்டும், வேண்டாம், கேட்கவேண்டாம், இல்லையென்றாலும் எனக்காகச் சொல்வான். வாரியலிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து, நுனியில் துளிப் பஞ்சைச் சுற்றி, காதுகுத்தின பிள்ளைக்கு மருந்து போடுகிற மாதிரி மெள்ள மெள்ளச் சுரண்டினாள். மஞ்சள் பொடி மடியில் உதிர்ந்தது. இத்தனை வருஷத்துக் கும்பிடு. அதை ஊதித்தள்ளவும் மனசில்லாமல் முந்தானையில் ஒதுக்கிவைத்தாள். மணம் மட்டும் அப்படியே இருந்தது, கோயில் பிரகாரம் மாதிரி, அதுதான் கண்ணைக் கலங்க வைத்தது.

மறுபடி குத்தினாள். பட்டனை அமுக்கினாள். ஒன்றுமே இல்லை. முத்திரைகூட வரவில்லை. மடக்கித் திருப்பி ஆட்டினதில் சார்ஜர் வயரின் முனை கழன்றிருந்தது. பேட்டரி என்ற ஒன்று அதற்குள் செத்து வருஷக்கணக்காகிறது, வயரில் வருகிற கரண்டுதான் அதற்கு உயிர். சொருகினாள், நிற்கவில்லை, கையை எடுத்தால் தொங்கிவிடுகிறது. இடதுகையால் ஒருபக்கமாக வளைத்துப் பிடித்தால் பச்சை விளக்கு எரிகிறது. பிடித்தபடியே வலதுகையால் பட்டனை அமுக்கி, தட்டு, தட்டு, முருகா என்று சொல்லவும் மறந்து தட்டினாள். பட்டியல் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது வரி நின்றது, உடனே காணாமல் போனது. சந்தனம் இருந்த இடம் அகன்றுவிட்டதோ என்னவோ பென்டிரைவ் அங்கேயும் ஆடுகிறது. வலதுகையால் அதை உள்ளே அழுத்திப் பிடித்தாள், அணைந்துவிடாமல் திரும்பி வந்தது, மூன்று. இப்போது இடதுகை வயரில், வலதுகை பென்டிரைவில். குளிப்பாட்டுகிற பிள்ளையை இரண்டு பக்கமும் தாங்குகிற மாதிரி லேப்டாப்பை அணைத்துக்கொண்டு உலகம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். கீழே போகிற அம்புக்குறிக் கட்டையை இரண்டுதரம், பெரிய கட்டையை ஒருதரம் அமுக்கவேண்டும். கை இல்லை. மூக்கால் அமுக்கலாமா என்றுகூடக் குனிந்து பார்த்தாள், பின்கழுத்து பிடித்துக்கொண்டது. இது வராது. அவளுக்குத் தெரிகிறது, நெஞ்சுக்கு நேராகத் தெரிகிறது. அமுக்கினாலும் புள்ளி மூன்றில் நிற்கும், இல்லாவிட்டால் நாலில் நிற்கும், நாளைக் காலை விடியும், கோயம்புத்தூர்க்காரர்கள் வேறு யாரையாவது எடுத்துக்கொள்வார்கள். ஆட்டங்கண்ட ஓட்டை, தொங்குகிற வயர், செத்த பேட்டரி, இத்தனையையும் ஒரு விரல் நீளப் பென்டிரைவா தூக்கி நிறுத்தப்போகிறது? குற்றாலம் லேசாகச் சொன்னான், அவ்வளவுதான். தோள்பட்டை கடுக்கிறது. உள்ளே டக், டக். கதவு பாதி திறந்திருக்கிறது, கட்டிலின் கால்மாட்டில் வடிவின் பாதம் தெரிகிறது, வெடிப்பு விட்ட குதிகால், ஒரு விரல் மட்டும் மற்றதை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தூங்கவில்லை. இத்தனை தட்டலையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். வந்துட்டு என்று இனி சொல்ல முடியாது, அந்தச் சொல்லை நேற்றே செலவழித்தாயிற்று. வந்தால் என்னத்தைக் காட்டுவேன், இன்னொரு கறுப்பையா? கூப்பிடாதே, கூப்பிடாதே என்று மனசு சொல்லச் சொல்ல, இரண்டு கையும் விறைத்துப்போய், குரலை எழுப்பாமல், பக்கத்தில் இருக்கிறவளிடம் உப்பை எடுத்துத் தா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"வடிவு, எனக்குக் கை கடுக்கு. இந்த வயரக் கொஞ்சம் பிடிச்சிக்கிடுதியா?"